அக்கா கல்யாணம் விசிடிக்குள் போகமாட்டேன் என்கிறது

12 செப்டம்பர் 1999, ஞாயிறு

அக்கா கல்யாண டேப்புக்குத் தாடி முளைத்திருக்கிறது. பொய் இல்லை. உள்ளே சுருள் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை. பூமாலை போட்டு நடந்த கல்யாணத்துக்கு இப்போது பூஞ்சை மாலை.

காலையில் அப்பா வழக்கம்போல் டேப்பைப் போட்டார். மணவறை வருவதற்குள் திரையில் பனி பெய்ய ஆரம்பித்துவிட்டது. மலேசியாவில், அதுவும் கிள்ளானில், பனி! அப்புறம் வீடியோ டெக் ‘கிர்ர்’ என்று டேப்பை மென்று தின்னத் தொடங்கியது. அப்பா கையைத் தட்டினார்.

அப்பாவின் கைத்தட்டலுக்கு எங்கள் வீட்டில் தனி அகராதி உண்டு. ஒரு தட்டு, தண்ணீர். இரண்டு, அம்மா. மூன்று, பவுனு: அதாவது நான், அதாவது என்மேல் யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் ஆப்பரேஷன் செய்து குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கைத்தட்டில் அடங்காததை ஒரு பலகையில் எழுதிக் காட்டுவார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டிய மனுஷர். ஹார்ன் கெட்டுப்போனால் தலையை வெளியே நீட்டிக் கத்துவாராம், ரோடு காலியாகிவிடுமாம். இப்போது காப்பிக்கடைக்குக்கூடப் போவதில்லை. போனால் எல்லாரும் அவருக்குக் காது கேட்காதது மாதிரி சத்தம் போட்டுப் பேசுகிறார்களாம். டிவி பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த டேப் ஒன்றுதான்.

இன்றைக்குத் தட்டியது அகராதியில் இல்லாத தட்டு. நான் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கும்வரை நிறுத்தவில்லை.

அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “இன்னொரு தடவ போட்டா அறுந்துரும்டி. விசிடில மாத்த முடியும்னு சொன்னியே, மாத்து. தீவாளிக்கு ஒங்கக்கா வர்றதுக்குள்ள.”

“முடியும்னு சொன்னேன். எனக்கு முடியும்னு சொல்லலியே.”

“வாயி மட்டும் கொறச்சலே...” என்று ஆரம்பித்தவள், கூடத்தில் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

சரி. மாற்றுகிறேன்.

14 செப்டம்பர், செவ்வாய்

டேப்பைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினேன். அரிசி டின்னுக்குள் இருக்கிறது!

“ஈரத்த அரிசி இழுத்துரும்டி. ஒங்கப்பா வாட்ச் தண்ணில விழுந்தப்ப அப்டித்தான காய வச்சேன்?” என்கிறாள் அம்மா. வாட்சுக்கு ஓட்டை கிடையாது அம்மா. டேப்புக்கு இருக்கிறது. ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வருகிறது. ஸ்க்ரூ கழற்றித் திறந்து, புருவம் பிடுங்கும் கிடுக்கியால் அரிசியைப் பொறுக்கினேன். கொஞ்சம் மஞ்சள் தடவியிருந்தால் அட்சதை என்று சொல்லியிருக்கலாம்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். ஒரு அரிசி வெளியே விழுந்ததும் அதை எடுத்து என் தலையில் போட்டு ஆசீர்வாதம் செய்தார். இந்த வீட்டில் கிண்டல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

18 செப்டம்பர், சனி

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சோலையப்பன் அண்ணனின் அப்பா கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு. சோலையண்ணன் காலேஜில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறார். கடையில் சிடி ரைட்டர் இருக்கிறது, டெக் இல்லை. ஆகவே எங்கள் வீட்டு டெக்கை நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அம்மா கைலித் துணியில் சுற்றிக் கொடுத்தாள். பஸ்ஸில் ஒரு மலாய் ஆன்டி பிள்ளை என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்தார். நானும் உட்கார்ந்து, தாலாட்டி, முதுகில் தட்டிக்கொடுத்தேன். இறங்கும்போது துணி விலகி ப்ளே பட்டன் தெரிந்துவிட்டது. “அலாமா!” என்று வாயைப் பிளந்தார் ஆன்டி.

சோலையண்ணன் டெக்கைப் பார்த்த பார்வை! “இது என்னா மா, நாதஸ்வரம் காலத்து மாடலா?”

“ஓடும்ணே. கொஞ்சம் மூச்சு வாங்கும்.”

மாதக்கணக்கில் இந்தக் கடைக்கு வரப் போகிறேன் என்று அப்போதே உள்ளே ஏதோ சொன்னது. ஆகவே அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பரிசு வைத்துவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரை முழுக்கக் கரப்பான்பூச்சி ஓடும். அவருக்குக் கரப்பான் என்றால் உயிர் போகும்.

19 செப்டம்பர், ஞாயிறு

டேப் ஓடுகிறது! படம் கம்ப்யூட்டருக்குள் ஏறுகிறது. மணவறை, ஐயர், அக்காவின் மேக்கப் (மாவில் புரட்டிய கெண்டை மீன்).

ஐந்து வருஷம் ஆகியும் அந்த இடம் வந்தால் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. தாலி கட்டப் போகும் நேரம். பதினோரு வயசு பவுனு, அதாவது அடியேன், நாதஸ்வரக்காரருக்கு எதிரே நின்று அசாம்போய் சப்பிக்கொண்டிருக்கிறேன். அந்தப் புளிப்புக் கொட்டையைப் பார்க்கிற யாருக்கும் வாயில் எச்சில் ஊறும். நாதஸ்வரக்காரருக்கு ஊறினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. படத்தில் அவர் கன்னம் ஊதுவதும் துடைப்பதும் நன்றாகத் தெரியும். சத்தம்தான் வராது. வீடியோக்காரர் கல்யாணம் முழுக்கச் சினிமாப் பாட்டு போட்டு மூடிவிட்டார். அப்பா என்னைப் பார்த்து வாயைத் திறந்து கத்துகிறார், ஆனால் கேட்பது ஒரு பெண் குரல், காதல் டூயட். அப்பாவுக்கு அவ்வளவு இனிமையான குரல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அப்பா ஞாயிறுதோறும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார். தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சரியாக மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

25 செப்டம்பர், சனி

மறுபடி. தாலியைக் கையில் எடுத்தார். நின்றது.

26 செப்டம்பர், ஞாயிறு

மறுபடி!! தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை மாமா அப்படியே உறைந்து நிற்கிறார். இந்தக் கம்ப்யூட்டருக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை போலிருக்கிறது. ஐந்து வருஷம் லேட் லா.

“ஒரு ஃபைல் ரெண்டு ஜிபிக்கு மேல போவாது பவுனு. துண்டு துண்டா ஏத்தணும்” என்கிறார் சோலையண்ணன். இதை முதல் நாளே சொன்னால் என்ன? கேட்டேன். “இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு” என்றார். காலேஜ் படிப்பு!

3 அக்டோபர், ஞாயிறு

துண்டு போட்டதில் கல்யாணம் முடிந்துவிட்டது. மூன்று முடிச்சும் விழுந்தது. படத்தைச் சுருக்குவதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்க ஆனது. இனி சிடியில் எரிப்பதுதான் பாக்கி. ‘பெர்ன்’ என்று அழகாகச் சொல்கிறார்கள்.

எரிந்தது என் வயிறு. பாதியில் ‘பஃபர் அண்டர்ரன்’ என்று ஒரு பெட்டி வந்தது; சிடி எழுதும் வேகத்துக்குக் கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தமாம். சிடி காலி. காலி என்றால் எழுதப்படாத காலி இல்லை, செத்துப்போன காலி.

9 அக்டோபர், சனி

இன்னொன்று செத்தது. எரியும்போது யாரும் மௌஸைத் தொடக் கூடாது, நடக்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது என்று சோலையண்ணன் சட்டம் போட்டிருக்கிறார். கடைக்கு வந்த ஒரு அங்கிளை வாசலிலேயே நிறுத்தி, “பாஸ், ஒரு அர மணி நேரம் மூச்சு விடாதீங்க” என்றேன். அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

10 அக்டோபர், ஞாயிறு

இன்னொன்று.

செத்த சிடிகளை அம்மா கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், குருவி வராமலிருக்க. குருவிகள் வந்து முகம் பார்க்கின்றன.

அப்பா இன்றைக்கு ஞாயிறு என்று டிவி முன்னால் உட்கார்ந்தார். டெக் இருந்த இடத்தில் தூசி மட்டும்தான். கொஞ்ச நேரம் அந்தத் தூசியைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். பகல் பதினோரு மணிக்கு.

16 அக்டோபர், சனி

இதை எழுதக் கை கூசுகிறது.

இதுவரை எரியும்போது திரையை அணைத்துவிட்டு வாசலில் காவல் நின்றோம். இன்றைக்கு எரிக்கத் தொடங்கிவிட்டு, யாரும் எதையும் தொடாமல், நானும் சோலையண்ணனும் கைகட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி நின்றோம். ஐந்து நிமிஷம் ஆனது. எட்டு ஆனது. பத்தாவது நிமிஷம் திரையின் மூலையிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி வந்தது. பின்னால் அதன் மாமன் மச்சான் எல்லாரும். சோலையண்ணன் நாற்காலிமேல் ஏறிவிட்டார். பஃபர் அண்டர்ரன்.

கரப்பான் ஓடினால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது. அதுதான் இத்தனை சிடியையும் தின்றது. நான் வைத்த கரப்பான்.

“யாரு பாத்த வேல இது?” நாற்காலிமேலிருந்தே கேட்டார்.

“கிள்ளான்ல கரப்பான் ஜாஸ்திண்ணே.”

“பவுனு!”

“எடுத்துர்றேன்ணே.”

எடுத்துவிட்டு எரித்தேன். முப்பத்தேழு நிமிஷம். தட்டு வெளியே வந்தது. கம்ப்யூட்டரில் ஓடுகிறது! கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்து எங்கள் விசிடி பிளேயரில் போட்டேன்.

NO DISC.

நிலா மாதிரி ஒரு தட்டை உள்ளே வைத்திருக்கிறேன். தட்டே இல்லையாம். எடுத்துத் துடைத்துப் போட்டேன். தட்டே இல்லையாம். மாமா போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த பிளேயர், மாமா கல்யாணத்தையே பார்க்க மறுக்கிறது.

17 அக்டோபர், ஞாயிறு

நீல அடிப்பக்கம் உள்ள சிடி எங்கள் பிளேயருக்குக் கண்ணுக்குத் தெரியாதாம். தங்க நிறம் உள்ளதில் எரிக்க வேண்டுமாம். பிளேயருக்கும் தங்கம்தான் கேட்கிறது. தங்க ஆசை என்ற பழி மட்டும் இந்த வீட்டுப் பெண்களுக்கா?

தங்கத்தில் எரித்தேன். ஓடியது! அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். மணவறை வந்தது. அக்கா வந்தாள். நான் அசாம்போயோடு வந்தேன். அப்பா வாயைத் திறந்த அந்த நேரம், பட்டை பட்டையாய் வரி, சாம்பல் நிறம், ஒன்றுமில்லை. அந்த இடத்தில் மட்டும் பூஞ்சை.

அப்பா என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நல்லாயிருக்கு என்று. அதுதான் தாங்கவில்லை. திட்டு வாங்கி வாங்கி வளர்ந்த பிள்ளைக்குப் பாராட்டு செரிக்காது.

23 அக்டோபர், சனி

மறுபடி டேப்பை ஏற்றப் போனேன். டெக் ஒரு விக்கல் விக்கியது. புகை வந்தது. அவ்வளவுதான். முதலில் கல்யாணம், இப்போது கருமாதி.

மாடியில் சோலையண்ணனின் அம்மா சிவகாமி ஆச்சியிடம் ஒரு டெக் இருக்கிறது. ஹைஃபை, ஸ்டீரியோ, பளபளா. ஆச்சி இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டார்கள்.

“எம் பொட்டிக்குள்ள பூஞ்ச ஏறுச்சு, ஒன்னயத் தூக்கி வெயில்ல காயப் போட்டுருவேன்.”

“போடுங்க ஆச்சி. கறுக்கறதுக்கு இனிமே எடமில்ல.”

சிரித்துவிட்டார்கள். கிடைத்துவிட்டது. டேப்பை முன்னும் பின்னும் ஓட்டி, துணியால் ஒற்றி ஒற்றி, ஒரு பிற்பகல் முழுக்க. இந்த டெக்கில் அந்த இடம் கொஞ்சம் நடுங்கினாலும் படம் நிற்கிறது! அப்பா தெரிகிறார்!

24 அக்டோபர், ஞாயிறு

பாட்டைக் காணோம்.

படம் சுத்தம். பாட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒரே இரைச்சல், காலைப் பாசார் கூட்டம் மாதிரி. கேபிளை மாற்றினேன். சிவப்பை வெள்ளையில், வெள்ளையைச் சிவப்பில். சவுண்டு கார்டைக் கழற்றி மாட்டினோம். கடையில் கூட்டம், ஸ்பீக்கரைக் கூட்டவும் முடியாது. தீபாவளிக்கு இரண்டு வாரம். என்னதான் வேண்டும் இந்தக் கல்யாணத்துக்கு? பரிகாரமா?

27 அக்டோபர், புதன்

சோலையண்ணன் டெக்கின் புத்தகத்தைப் படித்துவிட்டுப் என் பள்ளி முடியும் நேரத்துக்குப் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார்.

“டேப்புல சத்தம் ரெண்டு எடத்துல இருக்குமாம் பவுனு. ஓரத்துல ஒரு கோடு. வீடியோக்காரரு அதுலதான் பாட்ட ஏத்தியிருக்காரு. இன்னொண்ணு படத்துக்குள்ளயே கெடக்கு, மண்டபத்துல கேட்ட சத்தம் அப்டியே. அதுமேல அவரு கை வைக்க முடியாது. ஒங்க வீட்டு டெக்கு ஓரத்த மட்டும்தான் படிக்கும். எங்கம்மா டெக்கு உள்ளயும் படிக்குது. ஒரு பட்டன் தட்டுனா பாட்டு வந்துரும். தட்டவா?”

“இருங்கண்ணே.”

கடைக்குப் போனதும் ஹெட்போனை மாட்டினேன்.

நாதஸ்வரம் தடுமாறுகிறது, பீப்பீ என்று. யாரோ சிரிக்கிறார்கள். அப்புறம்—

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

ஹெட்போன் அதிர்ந்தது. அடுத்த மூச்சில், “ஏய் பவுனு! எரும! அத துப்பு! துப்புடி!”

என்ன எழுத? மறந்துபோயிருந்தேன். அந்தக் கரகரப்பை. ‘டி’யில் ஒரு இழுப்பு இழுப்பாரே, அதை. இரண்டு வருஷம்தானே ஆகிறது, எப்படிடி மறந்தாய்?

இன்னும் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, அப்பாவே கேமராவுக்குப் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில்: “போதும் தம்பி, புள்ள அழுவுது. அங்கிட்டுத் திருப்புங்க.” கேமரா திரும்பிவிடுகிறது. இத்தனை வருஷமாய் அந்த இடத்தில் எதற்குத் திடீரென்று ஃபேனைக் காட்டுகிறார்கள் என்று சிரித்திருக்கிறோம்.

சோலையண்ணன் கடையை அரை மணி நேரம் முன்னாலேயே சாத்தினார்.

28 அக்டோபர், வியாழன்

முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அச்சு அப்படியே நின்றது.

“வேணாம்டி. பாட்டே இருக்கட்டும்.”

“ஏம்மா?”

“போனது போனதுன்னு இப்பத்தான் மனச ஆத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அதக் கேட்டா ஒடஞ்சி போயிருவாரு.”

“நீ கேக்குறியா, நீ மட்டும்?”

“நான் கேட்டுட்டு, அப்பறம் அவரு மூஞ்சிய எப்டிடி பாப்பேன்?”

எண்ணெயில் கிடந்த முறுக்கு கருகியது. அம்மா அடுப்பை அணைத்தாள்.

அம்மா சொல்வதும் சரி. ஆனால் அது அப்பாவின் குரல். அம்மாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.

30 அக்டோபர், சனி

கண்டுபிடித்துவிட்டேன்! கரோக்கே பட்டன்!

எங்கள் தெருவில் எந்த விசிடி பிளேயரிலும் முதலில் தேய்கிற பட்டன் அதுதான். இடப்பக்கம் தள்ளினால் ஒரு சத்தம், வலப்பக்கம் தள்ளினால் இன்னொன்று. பாடகரை ஒரு பக்கம் ஓரங்கட்டிவிட்டு நம் தாய்மாமன்கள் பாடிக் கெடுப்பதற்காக. கல்யாணத்தையும் அப்படியே செய்தால்? இடது காதில் பாட்டு, வலது காதில் மண்டபம். போட்டதும் பாட்டு வரும்படி வைத்துவிடலாம். வேண்டும் என்றால் அப்பா பட்டனைத் தட்டட்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும். அம்மாவிடம் சொன்னேன். “என்னமோ செய்” என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சோலையண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “ரெண்டு சத்தத்தையும் தனித்தனியா ஏத்தி, படத்தோட ஒட்டணும். தெரியுமா ஒனக்கு?”

“தெரியாதுண்ணே. அதான் ஒங்கள அண்ணேன்னு கூப்புடுறேன்.”

3 நவம்பர், புதன்

ஒட்டவில்லை. மேளம் அடித்து முடித்தபிறகு மேளம் கேட்கிறது. ஐயர் வாயை மூடியபிறகு மந்திரம் சொல்கிறார்.

5 நவம்பர், வெள்ளி

இப்போது மந்திரம் முன்னால் வருகிறது. ஐயருக்கு அவசரம். எனக்குப் பைத்தியம்.

6 நவம்பர், சனி

ஒட்டியது. கடைசித் தங்கத் தட்டு. எரிகிற நேரம் முழுக்க ஆச்சி மாடியில் நடக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டுவது ஆறாவது டிராக்.

7 நவம்பர், ஞாயிறு, தீபாவளி

அக்காவும் மாமாவும் ஜோகூரிலிருந்து விடியற்காலையில் வந்துவிட்டார்கள். எண்ணெய் வைத்துக் குளித்து, பசியாறி, விசிடி போட்டோம். பாட்டோடு. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா, “அய்யோ என் மேக்கப்பு!” என்று முகத்தை மூடிக்கொண்டாள். ஆறாவது டிராக் முடிந்ததும் அப்பா வழக்கம்போல் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தன் வாய் வரும் இடத்துக்குக் கொண்டுவந்தார்.

நான் போய் ரிமோட்டில் அந்தப் பட்டனைத் தொட்டுக் காட்டினேன். “இதத் தட்டுனா மண்டபத்துச் சத்தம் வரும்பா. ஒங்க சத்தமும். வேணும்னா.” சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடிவிட்டேன். நானும் அம்மாவும் மீன் பொரியும் சட்டியையே பார்த்தோம்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. தட்டமாட்டார் என்று நினைத்தேன்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

அம்மா கையிலிருந்த கரண்டி விழுந்தது. “ஏய் பவுனு! எரும!” என்றதும் பழக்கதோஷத்தில் நான் “இந்தா வர்றேன்பா!” என்று கத்திவிட்டேன்.

கூடத்தில் அக்கா தேம்பிக்கொண்டிருந்தாள். மாமா சுவரைப் பார்த்து நின்றார். அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அம்மா, “ஏங்க... ஏங்க...” என்று போய்ப் பிடித்தாள். முகத்தைத் திருப்பினார். சிரிக்கிறார்! சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வழிய, அப்படி ஒரு சிரிப்பு. பலகையை எடுத்து எழுதிக் காட்டினார்: இவ்ளோ சத்தமாவா பேசுவேன்?

“இதவிட” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மீன் கருகிவிட்டது.

14 நவம்பர், ஞாயிறு

அப்பா காப்பிக்கடைக்குப் போனார். விசிடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. அங்கேயும் பிளேயர் இருக்கிறதாம்.

4 டிசம்பர், சனி

டெக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆச்சிக்கு ஒரு ரப்பர் பல்லியை உள்ளே வைத்துக் கொடுத்தேன். நன்றிக்காகத்தான். ஆச்சி போன் அடித்து அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் காலை வைத்தேன். அப்பா நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். கை தட்டவில்லை. ரிமோட்டை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, ஆறை அழுத்தி, கரோக்கே பட்டனை வலப்பக்கம் தள்ளினார்.

“ஏய் பவுனு! எரும! அத துப்பு! துப்புடி!”

வாயில் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஜன்னல் பக்கம் போய்த் துப்பினேன்.